பலகை விழுந்தது, அடுப்பு அணையவில்லை!

கொடைரோடு! மலையூருக்குப் போகும் வழி என்பதைத் தவிர வேறெதையும் அந்தப் பெயர் சொல்லவில்லை. அம்மையநாயக்கனூர் என்ற பழம்பெயரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, புகைவண்டி நிலையம் சூட்டிய பெயர் முன்னுக்கு வந்து நின்றுவிட்டது. வண்டியை விட்டு இறங்குவோர் இங்கே தங்க வருவதில்லை. ஒரு குவளை காபி, நான்கு இட்டிலி, ஒரு பொட்டலம் திராட்சை — அவ்வளவோடு மலைக்கோ மதுரைக்கோ போய்விடுகிறார்கள். வழிப்போக்கரின் பசியை நம்பி அடுப்பு மூட்டும் ஊர் இது.

இத்தகைய ஊரில் ஓட்டல் நடத்துபவரின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். துணிக்கடைக்காரர் இன்று விற்காத வேட்டியை நாளை விற்கலாம். இரும்புக் கடைக்காரரின் ஆணி ஆண்டு கழிந்தாலும் ஆணிதான். ஓட்டல்காரருக்கோ காலையில் புளித்த மாவு மாலையில் வீண். மதியம் காலியாகக் கிடந்த நாற்காலியின் வருவாய் மறுநாள் திரும்பி வராது. வாடகை நிற்காது, பால்காரர் கணக்கு நிற்காது, வேலையாள் வயிறும் நிற்காது. வழியில் கால்கள் நின்றால் இவை யாவும் ஒரே நாளில் கழுத்தைப் பிடிக்கும்.

கால்கள் நின்ற காலங்கள் உண்டு. போர் வந்தது, பஞ்சம் வந்தது, கொள்ளைநோய் வந்தது. ஆயினும் தமிழகத்தில் ஓட்டல் தொழில் அழியவில்லை. எப்படிப் பிழைத்தது? எதை விட்டுக் கொடுத்தது? அந்தப் பிழைப்பின் விலையை யார் கொடுத்தார்கள்? வரலாற்றைக் கேட்போம்.

சத்திரத்திலிருந்து காபி கிளப்புக்கு

ஓட்டல் பழமையானதன்று. பழமையானது சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் வழியெல்லாம் சாலையும் சத்திரமும் அமைத்ததை நாடறியும். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரம் இன்றும் அதற்குச் சான்று. சத்திரம் அறத்தின் பெயரால் எழுந்தது. ஆனால் அந்த அறம் ஆளைப் பார்த்துத்தான் அன்னம் இட்டது. எத்தனையோ சத்திரங்களில் ஒரு சாராருக்கு உள்ளே இலை, மற்றவருக்குத் திண்ணை, இன்னும் சிலருக்குத் திண்ணையும் இல்லை, தெருதான்.

1875-ல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதை வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்கிய வெள்ளையர் மாட்டு வண்டியேறிப் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து குதிரையிலும் மனிதர் தோளிலும் கொடைக்கானல் ஏறினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் மலைச்சாலை முடிந்து மோட்டார் ஓடலாயிற்று. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வழியைச் சில மணி நேரத்தில் கடக்க முடிந்தது. அடிவாரத்து வண்டிக்காரர்கள், குதிரைக்காரர்கள், பல்லக்குத் தூக்கிகள் — அவர்களை நம்பியிருந்த சோற்றுக்கடைகள் — எல்லோரையும் ஒரு சாலை மெல்ல மெல்லத் துடைத்தெறிந்தது. வழிக்கடைகளுக்கு வந்த முதல் நெருக்கடி பஞ்சமும் அல்ல, போரும் அல்ல, முன்னேற்றம்தான்! வழி மாறினால் வயிற்றுப் பிழைப்பும் மாறித்தான் ஆகவேண்டும் என்பது அன்று கற்ற முதற் பாடம்.

புகைவண்டி இன்னொரு வேலையும் செய்தது. காசு கொடுத்தவனுக்கெல்லாம் ஒரே பெட்டியில் இடம் கொடுத்தது. பக்கத்தில் இருப்பவன் என்ன சாதி என்று எஞ்சின் கேட்கவில்லை. ஆனால் வண்டியை விட்டிறங்கி உணவுக்கூடத்துக்குள் நுழைந்தால்? அங்கே மட்டும் பலகை! பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறிடம். ஒரே பெட்டியில் ஒட்டி உட்கார்ந்து வந்த இருவர், ஒரே அடுப்பில் வெந்த சோற்றை இரு வேறு அறைகளில் உண்ண வேண்டுமாம்! பல கல் தொலைவு தீட்டாகாத மனிதன், பத்தடி நடந்ததும் தீட்டாகிவிட்டானாம்!

"மாற்றினால் மடிவோம்" என்றார்கள்

இந்த வேடிக்கையைப் பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் ஆண்டுக் கணக்கில் கண்டித்தார்கள். மறுமொழி என்ன தெரியுமா? "இது எங்கள் கொள்கையல்ல, வாடிக்கைக்காரர் விருப்பம். பலகையை எடுத்தால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் தொழில் மடியும்." அறத்தையும் சாத்திரத்தையும் பேசி அலுத்தவர்கள் இறுதியில் கல்லாப்பெட்டியின் மீது ஏறி நின்று பேசினார்கள்.

1941-ல் ரயில்வே உணவு விடுதிகளில் அந்தப் பாகுபாடு ஒழிந்தது. வண்டிகள் ஓடாமல் நின்றனவா? பசித்தவர் உண்ணாமல் போனாரா? இல்லை. இரண்டு அறைக்கு இரண்டு பரிமாறுவோர், இரண்டு வகை ஏற்பாடு என்றிருந்த வீண் செலவுக்கே வேலையில்லாமல் போயிற்று.

கொடைரோட்டிலிருந்து மலைக்குப் போகும் பக்கத்தில், வத்தலக்குண்டை அடுத்த ஊர் பட்டிவீரன்பட்டி. 1929-ல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் அவ்வூரார். அவர் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவிட்டார். பேருந்து விற்பதும் இருக்கை; ஓட்டல் விற்பதும் இருக்கை. "எங்கள் பேருந்தில் அவர்கள் ஏறினால் மற்றவர் ஏறமாட்டார்" என்ற அதே பல்லவியை அன்று பேருந்து முதலாளிகளிடம் கேட்கலாம். உத்தரவு வந்தபின் எல்லோரும் ஏறினார்கள். பேருந்துத் தொழில் வளர்ந்ததே தவிரத் தேயவில்லை.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மதம், சாதி முதலியவற்றைக் காட்டி எவரையும் அங்கே தடுக்கலாகாது என்றது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் தடுப்பவருக்குத் தண்டனை வகுத்தது. ஆயினும் பெயர்ப்பலகையில் சாதி தொங்கிக்கொண்டிருந்தது. 1957 மே மாதத்தில் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் மறியல் தொடங்கிற்று. மாதக் கணக்கில் நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். 1958-ல் பலகை மாறியது. பலகை விழுந்த மறுநாளும் அடுப்பு எரிந்தது, காபி மணத்தது, வாடிக்கைக்காரர் வந்தார். மாற்றினால் மடிவோம் என்றவர்கள் மாற்றியபின் வாழ்ந்தார்கள் என்பதுதான் வரலாறு!

அதே 1957-ல்தான் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஒரு சிறு பிரியாணிக் கடையைத் தொடங்கினார். சீரகச் சம்பா அரிசியில் செய்த அந்தப் பிரியாணி, அவருடைய தலைப்பாகையின் பெயரால் இன்று கடல் கடந்தும் அறியப்படுகிறது. இறைச்சி விற்கும் கடையை "மிலிட்டரி ஓட்டல்" என்று ஒதுக்கிப் பேசிய காலத்தில், அந்த ஒதுக்கலே ஒரு ஊரின் பெருமையாக மாறிற்று. எவரை வேண்டுமானாலும் உட்காரவைக்கும் கடைக்கு வாடிக்கைக்காரர் பஞ்சம் வந்ததில்லை.

அரிசி வராத நாள்

சாதி நெருக்கடியைவிடக் கொடியது சோற்று நெருக்கடி. 1942-ல் ஜப்பானியர் படை பர்மாவைப் பிடித்தது. அதுவரை ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றது, சென்னை மாகாணத்தின் சோற்றுப் பானையில் ஓட்டை விழுந்தது. 1943-ல் வங்காளம் பஞ்சத்தில் இலட்சக் கணக்கில் மக்களைப் பறிகொடுத்தது. இங்கே பங்கீடும் கட்டுப்பாடும் வந்தன. 1952-ல் இராஜாஜி அமைச்சரவை கட்டுப்பாட்டை நீக்கும்வரை அரிசி என்பது சீட்டைக் காட்டி வாங்கும் பொருளாயிற்று.

அரிசியே மூலப்பொருளான ஓட்டல்கள் என்ன செய்தன? "அரிசிச் சோறில்லாமல் தமிழன் வாழான்" என்று ஓலமிட்டுக் கதவடைத்தனவா? இல்லை. கோதுமை வந்தது, ரவை வந்தது. பூரியும் சப்பாத்தியும் விருந்தாளிகளாக வந்து வீட்டுக்காரர்களாகிவிட்டன. பெங்களூரில் 1924-ல் தோன்றிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், அரிசி கிடைக்காத அந்தப் போர்க்காலத்தில்தான் ரவையைக் கொண்டு இட்டிலி அவித்ததாகச் சொல்கிறது. பஞ்சத்தில் பிறந்த பண்டத்தை இன்று பண்டிகைக்கும் உண்கிறோம். தொன்றுதொட்டு வந்தது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் எத்தனை பழக்கங்கள் ஒரு நெருக்கடியின் குழந்தைகளோ!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1870-ல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரைச் சூழ்ந்து முற்றுகையிட்டது. இறைச்சி தீர்ந்தது. முற்றுகையின் 99-வது நாளான கிறிஸ்துமஸ் அன்று, வுவாசேன் என்னும் புகழ்பெற்ற உணவகம், விலங்குக் காட்சிசாலையின் யானையையும் ஒட்டகத்தையும் கங்காருவையும் சமைத்துப் பட்டியல் போட்டது. காசுள்ளவர் யானைச் சாறு குடித்தனர். காசற்றவர் எலிக்கும் வழியின்றி வாடினர். பிழைப்பதில் திறமை உண்டு. அந்தத் திறமையில் நீதியும் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதைப் பாரிஸ் காட்டிற்று.

லண்டன் வேறொன்றைக் காட்டிற்று. இரண்டாம் உலகப்போரின்போது, பணக்காரர் பங்கீட்டுச் சீட்டில்லாமலே ஓட்டலில் வயிறு புடைக்க உண்கிறார் என்ற குமுறல் எழுந்தது. 1942-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு வேளை உணவுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வாங்கலாகாது என்று வரம்பு கட்டியது. அதோடு நில்லாமல், குறைந்த விலையில் எல்லோருக்கும் உணவளிக்கும் பொதுச் சமையற்கூடங்களை ஊர்தோறும் நடத்திற்று. ஓட்டலும் பிழைத்தது, ஏழையும் பிழைத்தான். அறிவோடு அரசு தலையிட்டால் இரண்டும் நடக்கும்.

இங்கே 1965-ல் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, திங்கட்கிழமை மாலை உணவை விடுமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். அந்த மாலைகளில் ஓட்டல்கள் அடைத்துக் கிடந்தன. அரிசிப் பஞ்சம் தமிழ்நாட்டில் ஆட்சியையே மாற்றியதை 1967-ம் ஆண்டுத் தேர்தல் சொல்லும். சோற்றுப் பானையை எளிதாக எண்ணியவர் எவரும் நாற்காலியில் நிலைத்ததில்லை.

பின்னர் 1975-ல் நெருக்கடிநிலை. ஓட்டல் பண்டங்களுக்கு அரசு மிகக் குறைந்த விலை விதித்தது. தரத்தைக் குறைத்து விலையைக் காப்பாற்றினர் பலர். நாம் மேலே சொன்ன பெங்களூர் விடுதியோ தரத்தைக் குறைக்காமல் நட்டத்தில் நடத்தி, அன்றாட நட்டத்தைப் பலகையில் எழுதி வைத்தது. முடியாமற்போனபோது கூடத்தை மூடியது. மூடியபின் வேலையாட்களைத் தெருவில் விடவில்லை. அவர்களைக்கொண்டே மாவு, மசாலாக் கலவைகளைப் பொட்டலமாக்கி விற்கத் தொடங்கிற்று. அந்தப் பொட்டலம் ஓட்டலைவிடப் பெரிய தொழிலாக வளர்ந்தது. வேலையாளைக் காப்பாற்ற எடுத்த முயற்சி முதலாளியையும் காப்பாற்றியது!

2020: வழியே நின்றது

அரிசி நின்ற காலம் உண்டு. பலகை ஆடிய காலம் உண்டு. ஆனால் மனிதர் நடமாட்டமே நின்றுபோகும் காலம் வருமென்று கொடைரோடு கனவிலும் எண்ணியிருக்காது. 2020 மார்ச் 22-ல் பயணிகள் வண்டிகள் நின்றன. மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. மலை மூடப்பட்டது. கோடைக்காலம்! ஓராண்டு வாடகையையும் வட்டியையும் ஈட்டித் தரவேண்டிய ஏப்ரலும் மே மாதமும்! நிலையத்தில் வண்டி இல்லை. மலைச்சாலையில் கார் இல்லை. மேசைமேல் கவிழ்த்துவைத்த நாற்காலிகளே மிச்சம்.

அப்போதும் தொழில் தன்னை மாற்றிக்கொண்டது. உட்கார்ந்து உண்ணத் தடை; பொட்டலம் கட்டிக் கொடுக்க மட்டும் உரிமை. ஆகவே கூடம் சுருங்கிச் சன்னல் ஆயிற்று. நூறு வகை எழுதிய விலைப்பட்டியல் பத்து வகையாயிற்று. ஏப்ரல் நடுவில் நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகளைத் திறக்க மைய அரசு வழிவிட்டது. சரக்கு லாரி ஓட்டுநரே அன்றைய வாடிக்கைக்காரர். நகரங்களில் தங்கும் விடுதிகள் சில மருத்துவர்க்கும், தனித்திருக்க வேண்டியவர்க்கும் அறை கொடுத்தன. சமையற்கூடங்கள் மருத்துவமனைகளுக்குச் சோறு அனுப்பின. 2020 ஜூலையில் மதுரையில் ஓர் உணவு விடுதி முகக்கவசத்தின் வடிவில் பரோட்டா சுட்டு, நகைப்பூட்டியே நல்லறிவு புகட்டிற்று.

ஜூன் 8 முதல் பாதி இருக்கைகளோடு கூடம் திறந்தது. செப்டம்பரில் மாநிலத்துக்குள் போய்வர இ-பாஸ் வேண்டாமென்று ஆன பிறகும், கொடைக்கானலுக்கு வேண்டியிருந்தது. சற்றே மூச்சுவிட்ட வேளையில் 2021 மே மாதம் இரண்டாவது அலை; மீண்டும் பொட்டலம்; ஜூலையில்தான் மீண்டும் பாதி இருக்கை. இரண்டு கோடைகள் இப்படிப் போயின.

இந்தக் காலத்திலும் பழமைப் பேச்சு எழாமலில்லை. ஒரு மனிதன் மற்றொருவனை நெருங்காமல் நிற்க நேர்ந்ததைக் கண்டு, "பார்த்தீர்களா, எங்கள் முன்னோர் தீண்டாமையை அறிவியலாகவே வைத்தார்கள்" என்று பூரித்தவர்களை நாம் கேட்டோம். என்ன துணிவு! நோய்க்கிருமி சாதி கேட்டு ஒட்டவில்லை. மருத்துவர் சொன்ன இடைவெளி எல்லோர்க்கும் ஒன்று. இருவர் உயிரையும் காக்க வந்தது. நோய் போனால் தானும் போவது. தீண்டாமையோ ஒருவனை மட்டும் தள்ளிவைப்பது. அவன் உயிரைப் பற்றிக் கவலையற்றது. பிறப்போடு ஒட்டி இறப்புவரை தொடர்வது. இரண்டையும் ஒன்றென்பவர் கிருமியையும் அறியார், மனிதனையும் அறியார்.

கணக்கில் வராதவர்

சரி, ஓட்டல் பிழைத்தது. அந்தப் பிழைப்பின் விலையை யார் கொடுத்தார்?

கூடம் சன்னல் ஆனபோது, கூடத்தில் பரிமாறியவர் என்ன ஆனார்? பத்து வகைக்கு ஆறு சமையற்காரர் எதற்கு? மேசையே இல்லாதபோது துடைப்பவர் எதற்கு? உரிமையாளர்களிலும் நொறுங்கிப்போனவர் உண்டு, நகையை அடகு வைத்து வேலையாட்களுக்குச் சோறு போட்டவர் உண்டு, அவர்களை வணங்குகிறோம். ஆயினும் நெருக்கடி வந்தவுடன் முதலில் குறைக்கப்பட்ட செலவு, பெரும்பாலும் கூலிதான். கடையிலேயே உண்டு கடையிலேயே உறங்கிய தொழிலாளிக்குக் கடை மூடியதும் வேலை, சோறு, கூரை மூன்றும் ஒரே நாளில் போயின. வடமாநிலத்து இளைஞர் நெடுஞ்சாலையில் கால்நடையாகப் புறப்பட்ட காட்சியை நாடே கண்டது. ஆயிரம் பேருக்குச் சோறு பரிமாறிய கை, வழியில் சோற்றுக்கு ஏந்தி நின்றது!

ஓட்டல், சுற்றுலாத் தொழில்களுக்கு 2021 மார்ச் இறுதியில் மைய அரசின் உத்தரவாதத்தோடு கூடிய கடன் திட்டம் விரிவாக்கப்பட்டது. கடன் வாங்க முதலாளிக்கு முகவரி உண்டு, கணக்கு உண்டு, வங்கி உண்டு. தட்டு எடுப்பவனுக்கு எந்த வங்கி உத்தரவாதம் கொடுக்கும்? அவன் பெயர் பதிவேட்டிலேயே இல்லையென்றால் எந்தத் திட்டம் அவனைத் தேடி வரும்? உணவு விடுதித் தொழிலாளரின் வேலைநேரத்தையும் விடுமுறையையும் வரையறுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. சட்டத்துக்கு வயதாகிவிட்டது, பதிவேட்டில் பெயர் ஏறாத தொழிலாளிக்கோ அது இன்னும் பிறக்கவேயில்லை.

அந்த இருண்ட நாட்களில் ஓர் ஒளி இருந்தது. 2013-ல் சென்னையில் தொடங்கி மாநகராட்சிகளுக்குப் பரவிய அம்மா உணவகங்கள் ஊரடங்கிலும் அடுப்பை அணைக்கவில்லை. ஒரு ரூபாய் இட்டிலி பல இடங்களில் விலையில்லா இட்டிலியாயிற்று. 1942-ல் லண்டன் கண்ட உண்மை இதுவே: பொதுமக்கள் பணத்தில் எரியும் பொது அடுப்பு, கெட்ட காலத்தில் ஊரைக் காக்கும். அதைக் கண்டு தனியார் ஓட்டல் அழிந்துவிடவும் இல்லை.

ஆகவே, நாம் கண்டதென்ன? சத்திரம் போய்க் காபி கிளப் வந்தது. தனியறை போய்ப் பொதுக்கூடம் வந்தது. அரிசியோடு கோதுமை வந்தது. கூடம் சன்னலாகி மீண்டும் கூடமாயிற்று. ஒவ்வொரு முறையும் "இதை மாற்றவே முடியாது" என்று ஒரு குரல் எழுந்தது. ஒவ்வொரு முறையும் மாற்றியவரே வாழ்ந்தார். தேவை வந்தால் ஒரே இரவில் விலைப்பட்டியலையும், மேசையையும், அடுப்பையும் மாற்ற முடிகிறதென்றால், தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது மட்டும் எப்படி முடியாத செயலாகும்? நல்ல கோடையின் வருவாயில் ஒரு சிறு பங்கைக் கெட்ட கோடைக்கென அவன் பெயரில் சேர்த்துவைப்பது எந்தத் தொழிலை மூழ்கடிக்கும்? பலகையை எடுத்தால் மடிவோம் என்று சொன்ன அதே வாய்தான், இதற்கும் "கட்டாது" என்று சொல்லப்போகிறது. அதற்கு மறுமொழியை வரலாறு முன்பே சொல்லிவிட்டது.

இளைஞர்களே! கொடைரோட்டில் மீண்டும் வண்டிகள் நிற்கின்றன. மலைச்சாலையில் கூட்டம் மிகுந்து, 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்றமே இ-பாஸ் வைத்து அளவிடும்படி ஆயிற்று. அடுப்புகள் எரிகின்றன. நீங்கள் அங்கே இறங்கி இலைமுன் உட்காரும்போது, பரிமாறுபவரைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா?" இல்லையென்று அவர் சொன்னால், அடுத்த கேள்வியைக் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். பலகைகள் அப்படித்தான் விழுந்தன.